சிறிய டிராக்டரால் புதர் அகற்றுதல்: இழுப்பதற்கு முன் அறுக்க வேண்டும்

சிறிய டிராக்டர் ஒன்றைப் புதிதாக ஓட்டக் கற்றுக்கொண்டவருக்குத் தோன்றும் முதல் ஆசை, நிலத்தின் ஓரத்தில் பல காலமாகத் தொல்லை கொடுத்துவரும் ஒரு புதரின் அடியில் சங்கிலியைச் சுற்றி, மறுமுனையை வண்டியில் மாட்டி, முழு வேகம் கொடுத்துப் பார்ப்பதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் தோளுயரம்கூட இல்லாத அந்தச் செடி அசையவில்லை. பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று இரண்டு குழிகளைத் தோண்டியதுதான் மிச்சம். சற்றுப் பின்னால் வந்து மீண்டும் வேகமாக இழுத்தபோது, தண்டு தரைமட்டத்தில் முறிந்து கையோடு வந்தது. வேலை முடிந்தது என்று நிம்மதியடைந்தேன். அடுத்த மழைக்குப் பிறகு பார்த்தால், ஒரு தண்டு இருந்த இடத்தில் பதினொரு தளிர்கள் நின்றன.

அந்த ஒரு செடியில் இரண்டு தவறுகள் சேர்ந்திருந்தன. டிராக்டரின் பலம் எங்கிருந்து வருகிறது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. செடியின் உயிர் அதன் உடலில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் அறிந்திருக்கவில்லை. இவ்விரண்டையும் புரிந்துகொண்டால், எந்தக் கருவியை எப்போது மாட்டுவது, எவ்வளவு ஆழம் போவது, எந்தத் தூரைத் தொடாமல் விடுவது என்பவற்றைப் பெரும்பாலும் நாமே தீர்மானித்துக்கொள்ளலாம்.

முதலில் டிராக்டரைப் பார்ப்போம். ஏறத்தாழ 20 முதல் 50 குதிரைத்திறன் வரையுள்ள, 700 முதல் 1,500 கிலோ வரை எடையுள்ள வண்டிகளைத்தான் இங்கே சிறிய டிராக்டர் என்கிறோம். குதிரைத்திறன் எவ்வளவு என்று கேட்பதே வழக்கம் என்றாலும், இழுவை வேலையில் அந்த எண்ணை விட எடைதான் முந்தி நிற்கிறது. சக்கரம் மண்ணைப் பற்றிக்கொள்ளும் அளவுக்குத்தான் வண்டியால் இழுக்க முடியும். அந்தப் பிடிப்போ, ஓட்டும் சக்கரங்களின் மேல் எவ்வளவு எடை அழுந்துகிறது என்பதைப் பொறுத்தது. ஓரளவு கெட்டியான மண்ணில், அந்த எடையில் பாதி அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலான விசையையே வண்டி இழுவையாகத் தர முடியும். 1,000 கிலோ எடையுள்ள, நான்கு சக்கரங்களும் ஓட்டும் வண்டி ஏறத்தாழ 500 அல்லது 600 கிலோ அளவுக்கு இழுக்கும். பின்சக்கரங்கள் மட்டும் ஓட்டும் வண்டியாக இருந்தால், முன்சக்கரங்களின் மேலுள்ள எடை இழுவைக்கு உதவாது. ஆகவே அதே எடைக்கு 300 கிலோவைச் சற்றே தாண்டிய அளவோடு நின்றுவிடும். அதற்கு மேல் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் சக்கரம் சுழன்று மண்ணைத்தான் வாரி இறைக்கும்.

இனி எதிர்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் பருமனுள்ள பச்சை வேர் ஒன்றை நீளவாக்கில் நேராக இழுத்தால், அது அறுவதற்கு முன் சில நூறு கிலோ விசையைத் தாங்கக்கூடும். அதாவது, அப்படிப்பட்ட இரண்டு மூன்று வேர்கள் ஒன்றாகச் சேர்ந்து எதிர்த்தாலே நம் வண்டியின் முழு இழுவையும் அங்கேயே தீர்ந்துவிடும். ஒரு நடுத்தரப் புதருக்கு அத்தகைய பக்கவேர்கள் ஏழெட்டாவது இருக்கும். ஆணிவேரும் சல்லிவேர்களும் அவற்றோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியவை. ஆனால் அதே வேரைக் குறுக்கே, கூரான இரும்பு விளிம்பால் தாக்கினால் அது எளிதில் வெட்டுப்படுகிறது. ஒரு கயிற்றை இரு கைகளாலும் இழுத்து அறுப்பதற்கும், அதை இறுக்கிப் பிடித்துக் கத்தியால் தொடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. ஆகவே சிறிய டிராக்டரை மாடாக எண்ணாமல், எடை ஏற்றிய கத்தியாகவும் நெம்புகோலாகவும் எண்ணிக்கொள்வது நல்லது. பக்கவேர்களை ஒவ்வொன்றாக அறுத்துவிட்டு, கடைசியில் செடியைக் கீழிருந்து நெம்பித் தூக்குவதுதான் முறை. சங்கிலி என்பது கடைசிக் கட்டத்தில், அதுவும் தேவைப்பட்டால் மட்டும், வர வேண்டியது.

செடியின் உயிர் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு எல்லாச் செடிகளுக்கும் பொதுவான விடை இல்லை. தண்டும் வேரும் சந்திக்கும் கழுத்துப் பகுதியில் உறங்கும் மொட்டுகளை வைத்திருக்கும் செடிகள் பல. சீமைக் கருவேலம் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. தரைமட்டத்தில் வெட்டினால் அது சாவதில்லை; மண்ணுக்குள் ஒரு சாண் ஆழம் வரையிலும், சில சமயம் அதற்குக் கீழேயும் புதைந்திருக்கும் கழுத்திலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். அந்தக் கழுத்தை முழுமையாக வெளியே எடுத்துவிட்டால், அதற்குக் கீழே மண்ணில் தங்கும் ஆணிவேரைப் பற்றிப் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. உண்ணிச்செடியும் ஏறத்தாழ இப்படித்தான். கழுத்துக்குச் சற்றுக் கீழே முதன்மை வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகப் புரட்டி வைத்தால் அது காய்ந்துபோகும். தண்டு மண்ணைத் தொட்டபடி படுத்துக் கிடந்தாலோ தொட்ட இடத்தில் புதிய வேர் விட்டுவிடும். வேறு சில செடிகள் வேரின் நீளம் முழுவதிலும் தளிர்விடும் தன்மை கொண்டவை. வேம்பின் பக்கவேர் காயம்பட்டால் காயத்திலிருந்தே கன்று கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். மூங்கிலோ தரையடித் தண்டால் பரவுகிறது. நெய்வேலிக் காட்டாமணக்கின் ஒரு கணு ஈர மண்ணில் விழுந்தாலும் செடியாகிவிடும்; சப்பாத்திக் கள்ளியின் மடலும் அப்படியே. இத்தகைய செடிகளின் மேல், சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை ஓட்டுவது, ஒரு செடியை நூறு பதியன்களாக நறுக்கி நடுவதற்குச் சமம். ஆகவே வண்டியைக் கிளப்புவதற்கு முன் ஒரே ஒரு செடியை மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் கையால் தோண்டி எடுத்து, அதன் கழுத்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, பக்கவேர்கள் எந்தத் திசையில் எவ்வளவு பருமனில் ஓடுகின்றன என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேரத்துக்கு முதுகு வலிக்கும். மற்ற நூறு செடிகளுக்கும் அதுவே வரைபடமாக அமையும்.

மண்ணின் ஈரம் இந்த வேலையில் பாதிப் பங்கை எடுத்துக்கொள்கிறது. இறுகிக் காய்ந்த மண் வேரைச் சிமெண்ட் போலப் பற்றிக்கொள்வதால் தண்டு முறியும், கழுத்து உள்ளேயே தங்கிவிடும். சேறாக இருக்கும்போது சக்கரம் வழுக்குவதோடு, வண்டியின் எடை மண்ணை அழுத்திக் கட்டியாக்கிவிடும். அந்த இறுக்கம் அடுத்த பல பயிர்களின் வேர்களுக்குத் தடையாக நிற்கும். நல்ல மழை பெய்து, மேல்நீர் வடிந்து, மண் மீண்டும் மிதிக்கும் பக்குவத்துக்கு வந்த நாட்களே ஏற்றவை. ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்தினால் உருண்டையாகப் பிடிக்க வேண்டும். அந்த உருண்டையை விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிடிக்கவே இல்லையென்றால் காத்திருப்பதை விட நீர் பாய்ச்சுவது மேல். தட்டியும் உதிரவில்லையென்றால் வண்டியைக் கொட்டகையிலேயே விட்டுவிட வேண்டும்.

வேலை தொடங்கும் முன், மண்ணுக்கடியில் மின்கம்பியோ, தண்ணீர்க் குழாயோ, எரிவாயுக் குழாயோ போகிறதா என்பதை உரியவர்களிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிறகு, புதரின் மேற்பகுதியை அரிவாளாலோ ரம்பத்தாலோ கழித்துவிட வேண்டும். இங்கே புதியவர்கள் பலர் தண்டைத் தரையோடு தரையாக வெட்டிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. இடுப்பளவு உயரத்துக்குத் தண்டை விட்டுவைத்தால் மூன்று பயன்கள் உண்டு: செடி எங்கே இருக்கிறது என்று ஓட்டுநரின் இருக்கையிலிருந்து தெரியும், கடைசியில் அதை ஆட்டிப்பார்க்க நெம்புகோலாக உதவும், வண்டியின் முன்னே மாட்டும் இரும்புப் பக்கெட்டுக்கோ சங்கிலிக்கோ பற்றிக்கொள்ள இடம் கிடைக்கும். சாய்வாக வெட்டப்பட்ட தாழ்வான குச்சிகளோ, ஈட்டிமுனை போல நின்று டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிடும். டயரின் அடிப்பகுதியில் ஏற்படும் துளையை ஒட்டிவிடலாம், பக்கச் சுவர் கிழிந்தால் பெரும்பாலும் டயரையே மாற்ற வேண்டியிருக்கும்.

வேர் அறுக்கும் கருவி என்று எடுத்துக்கொண்டால், ஒற்றைக் கொழு கொண்ட ஆழக் கலப்பையைத்தான் நான் முதலில் சொல்வேன். பார்ப்பதற்கு ஒரு பெரிய இரும்பு நகம் போலிருக்கும் அது, சிறிய வண்டியின் பின்னே, கருவியை இரண்டு கீழ்த்தண்டுகளாலும் ஒரு மேல்தண்டாலும் பிடிக்கும் மும்முனை இணைப்பில் மாட்டப்பட்டு, 30 முதல் 45 செ.மீ. ஆழம் வரை மண்ணைக் கிழித்துக்கொண்டு செல்லும். பெரும்பாலான பக்கவேர்கள் இந்த ஆழத்துக்குள்ளேயே ஓடுகின்றன என்பதால், செடியிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி ஒரு பக்கமாக ஒரு கோடு, மறுபக்கமாக ஒரு கோடு, பிறகு அவற்றுக்குக் குறுக்கே இரண்டு கோடுகள் என்று நான்கு முறை ஓட்டினால், புதர் ஒரு சதுரக் கட்டத்துக்குள் தனித்து நின்றுவிடும். முதல் ஓட்டத்திலேயே முழு ஆழம் இறக்கக் கூடாது. ஒரு சாண் ஆழத்தில் ஒரு முறை ஓட்டி, அதே தடத்தில் மீண்டும் ஆழப்படுத்திக்கொள்ள வேண்டும். மிகத் தாழ்ந்த கியரில், ஒருவர் மெதுவாக நடக்கும் வேகத்துக்கும் குறைவாகச் சென்றால், வேர் அறுபடும் ஓசையையே கேட்கலாம்: மெல்லிய வேர்கள் துணி கிழிவது போலவும், பருத்த வேர்கள் கட்டை முறிவது போலவும் ஒலிக்கும். வண்டி திடீரெனத் திணறி முன்சக்கரம் இலேசானால், உடனே கிளட்சை மிதித்து, கலப்பையை உயர்த்தி, ஒரு முழம் தள்ளி மீண்டும் தொடங்க வேண்டும். அந்த இடத்தில் இருப்பது கொழுவால் அறுக்க முடியாத வேர். அதைக் கோடாரியால் வெட்டுவது இரண்டு நிமிட வேலை. வண்டியோடு மல்லுக்கட்டினால் அரை நாள் போய்விடும்.

ஐந்து கொத்து, ஒன்பது கொத்துக் கலப்பைகள் இதற்கு ஏற்றவை அல்ல. விசை பல கொழுக்களுக்குப் பிரிந்துபோவதால் எதுவும் ஆழமாக இறங்காது, வில் கம்பிகளும் வளைந்துபோகும். ஆனால் பெரிய வேர்களை எடுத்த பிறகு மண்ணில் கிடக்கும் துண்டு வேர்களை மேலே இழுத்துச் சேர்ப்பதற்கு அவையே சிறந்தவை.

வண்டியின் முன்னே லோடர், அதாவது பக்கெட்டைத் தாங்கி உயர்த்தும் இரும்புக் கைகள், இருந்தால் வேலை பாதியாகக் குறையும், அதைச் சரியாகப் பயன்படுத்தினால். பக்கெட்டைக் கொண்டு புதரை முட்டித் தள்ளுவதும், லோடரின் கைகளை உயர்த்திச் செடியைத் தூக்க முயல்வதும்தான் பொதுவாகக் காணப்படும் பழக்கங்கள். லோடரின் கைகளை உயர்த்தும் விசையை விட, பக்கெட்டை உள்நோக்கிச் சுருட்டும் விசை வழக்கமாக அதிகம். இதைத் தெரிந்துகொண்டால் முறை தானாகவே மாறும். பக்கெட்டின் விளிம்பைத் தரைக்கு ஏறத்தாழ இணையாக, நுனி மட்டும் இலேசாகத் தாழ்ந்திருக்குமாறு வைத்து, செடியின் கழுத்துக்கு அரை முழம் முன்பாக மண்ணுக்குள் மெதுவாகச் செலுத்த வேண்டும். விளிம்பு கழுத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, நகராமல் நின்றபடியே பக்கெட்டைச் சுருட்ட வேண்டும். மண் வெடித்து எழும்பும். ஒரு பக்கத்து வேர்கள் தெரியும். அவற்றை வெட்டிவிட்டு எதிர்ப்பக்கம் சுற்றிவந்து அதையே செய்தால், இரண்டாவது அல்லது மூன்றாவது சுருட்டலில் செடி மண்ணோடு சேர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பக்கெட்டின் ஒரு மூலையை மட்டும் தூரில் மாட்டி நெம்புவது கூடாது. முழு விசையும் ஒரு கையின் வழியாகவே செல்வதால் லோடரின் சட்டம் முறுக்கிக்கொள்ளும். ஒரு முறை முறுக்கிய சட்டம் மீண்டும் நேராவது கடினம். வண்டியின் பின்புறத்தில் எதிரெடை வைத்திருப்பதும் இன்றியமையாதது. பல சிறிய டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே இருப்பதால், முன்னே பாரம் கூடிப் பின்சக்கரம் இலேசாகிவிட்டால் சரிவில் வண்டி நிற்காது.

இத்தனைக்குப் பிறகும் ஆணிவேர் விடாப்பிடியாக நின்றால் சங்கிலியை எடுக்கலாம். இந்த வேலையில் உயிருக்கு ஆபத்து அதிகமுள்ள கட்டம் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சங்கிலியை டிராபார் எனப்படும் தாழ்வான இழுவைக் கம்பியில் மட்டுமே மாட்ட வேண்டும். பின்அச்சிலோ, டாப் லிங்க் எனப்படும் மேல்தண்டிலோ, இருக்கையின் அடியிலோ ஒருபோதும் மாட்டக் கூடாது. பின்சக்கரம் உருள முடியாமல் நிற்கும்போது, அச்சைச் சுழற்ற முயலும் இன்ஜினின் விசை வண்டியின் உடலையே அச்சைச் சுற்றிப் பின்னோக்கித் தூக்கத் தொடங்கும். இழுக்கும் புள்ளி அச்சுக்கு மேலே இருந்தால் சங்கிலியும் அதே திசையில் உதவிசெய்யும். முன்சக்கரம் தரையை விட்டு எழுந்த பிறகு, மீட்க முடியாத நிலையை வண்டி அடைய ஏறத்தாழ முக்கால் வினாடி போதும். அதற்குள் காலால் கிளட்சைத் தேடிப் பிடிப்பது நடைமுறையில் நடக்காத காரியம்.

அப்படியானால் ஆழக் கலப்பை வேரில் மாட்டிக்கொள்ளும்போது ஏன் வண்டி அவ்வளவு எளிதில் கவிழ்வதில்லை? இதற்கான விடை மும்முனை இணைப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. ஹாரி ஃபெர்குசன் என்ற பொறியாளர் உருவாக்கிய இந்த ஏற்பாடு, 1939-இல் வெளிவந்த ஃபோர்டு 9என் டிராக்டரின் மூலம் பரவலாயிற்று. கலப்பை மண்ணில் தடைபட்டால், கீழ்த்தண்டுகள் அதை இழுக்கும் வேளையில் கலப்பையின் மேற்பகுதி முன்னோக்கிச் சாய்ந்து, மேல்தண்டின் வழியாக வண்டியை முன்னே தள்ளுகிறது. அந்தத் தள்ளுவிசை முன்சக்கரங்களைத் தரையோடு அழுத்திவைக்கிறது. சங்கிலியால் இழுக்க முடியுமே தவிர, தள்ள முடியாது. ஆகவே அந்தப் பாதுகாப்பு சங்கிலிக்கு இல்லை. ஓட்டுநரின் தலைக்கு மேலே நிற்கும் கவிழ்வுக் காப்புச் சட்டமும் இருக்கைப் பெல்ட்டும்தான் இங்கே கடைசி அரண். புதிய டிராக்டர்களில் இச்சட்டம் இருக்க வேண்டும் என்று ஸ்வீடன் 1959-லேயே கட்டாயமாக்கியது. கிளையில் இடிக்கிறது என்று சட்டத்தை மடக்கிவிட்டுப் புதருக்குள் நுழைபவர்களைப் பார்க்கும்போது எனக்கு அச்சமாகவே இருக்கிறது. இடிக்கும் கிளையை வெட்டிவிட்டுப் போகலாமே.

வேகம் கொடுத்துச் சுண்டி இழுப்பதைப் பற்றி ஒரு கணக்கு. 1,000 கிலோ எடையுள்ள வண்டி, தளர்ந்த சங்கிலியோடு வினாடிக்கு ஒன்றரை மீட்டர், அதாவது ஒருவர் சற்று வேகமாக நடக்கும் வேகத்தில் செல்கிறது. சங்கிலி இறுகியபின் ஐந்து செ.மீ. தூரத்துக்குள் வண்டி நின்றுவிட்டால், சங்கிலியில் ஏறும் சராசரி விசை 2,300 கிலோவுக்கு நிகரானது. உச்ச விசை அதைவிடக் கூடுதல். லாரிகளில் சரக்கை இறுக்கிக் கட்டப் பயன்படும் தரம் 70 வகைச் சங்கிலியில் 8 மி.மீ. பருமனுள்ளதற்கு அனுமதிக்கப்பட்ட பாரமே ஏறத்தாழ 2,100 கிலோதான். நிதானமாக இழுத்தால் 600 கிலோவைத் தாண்டாத வண்டி, சுண்டி இழுக்கும்போது சங்கிலியின் வரம்பையே தாண்டிவிடுகிறது. அறுந்த சங்கிலியோ, கழன்ற கொக்கியோ எங்கே பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. நைலான் கயிறு இன்னும் மோசம்: நீண்டு நீண்டு ஆற்றலைச் சேர்த்துவைத்துக்கொண்டு, அறும்போது சாட்டையாகத் திரும்பி வரும். சங்கிலியை முதலில் மெல்ல இறுக்கி, பிறகே தாழ்ந்த கியரில் இழுக்க வேண்டும். சங்கிலியின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. சரிவான நிலமென்றால் இறக்கத்தை நோக்கியே இழுக்க வேண்டும், ஏற்றத்தை நோக்கி அல்ல.

வண்டியையும் அவ்வப்போது கவனிக்க வேண்டும். காய்ந்த இலையும் பஞ்சும் ரேடியேட்டர் வலையை அடைத்துக்கொள்ளும். புகைக்குழாயின் மேல் சேரும் சருகு தீப்பிடிக்கும். வண்டியின் அடிவயிற்றில் தொங்கும் ஹைட்ராலிக் குழாய்களும் டயரின் காற்று வால்வும் கிளைகளுக்கு மிகவும் பிடித்தமானவை. மணிக்கொரு முறை இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, ஒரு சுற்றுப் பார்த்தால் போதும்.

எவ்வளவு பெரிய தூர் வரை துணியலாம் என்று கேட்டால், அடித்தண்டு மணிக்கட்டுப் பருமன் வரை தயங்காமல் இறங்கலாம் என்பேன். தொடைப் பருமனுள்ள தூரைச் சிறிய டிராக்டரால் எடுக்க முடியாது என்பதில்லை. ஆனால் நாள் முழுதும் ஒரே தூரைச் சுற்றிவந்து, மாலையில் கிளட்ச் தட்டின் வாடையை முகர்ந்துகொண்டு வீடு திரும்புவதில் பொருளில்லை. அதற்குத் தோண்டும் இயந்திரத்தை வரவழைக்கலாம், அல்லது தூர் மட்கும்வரை விட்டுவைத்துச் சுற்றி உழலாம். ஓடைக் கரையிலும் செங்குத்தான சரிவிலும் இருக்கும் புதர்களின் வேர்களை எடுக்கவே கூடாது. கரையைக் கட்டிப்பிடித்து நிற்பவை அவைதாம். அங்கே மேற்பகுதியை மட்டும் கழித்து, மாற்றுச் செடி ஊன்றி, அது பிடித்த பிறகு பழையதைப் படிப்படியாகக் குறைக்கலாம்.

எடுத்த தூர்களை உடனே குவித்துவைப்பதும் தவறு. வேரோடு ஒட்டிவரும் மண் உங்கள் நிலத்தின் மேல்மண். வேர் மேலே இருக்கும்படி தூரைப் புரட்டி வைத்து, சில நாட்கள் வெயிலில் விட்டு, பக்கெட்டால் தட்டினால் மண் அங்கேயே உதிர்ந்துவிடும். வேரும் காய்ந்து, மீண்டும் பிடிக்கும் வலுவை இழந்துவிடும். குழிகளை மூடும்போது தரைமட்டத்தை விட ஒரு சாண் உயர்த்தி மண் குவிக்க வேண்டும், ஏனெனில் முதல் இரண்டு மழையிலேயே அது அமிழ்ந்து சமமாகிவிடும். சமமாக மூடினால், அடுத்த முறை வண்டியின் முன்சக்கரம் இறங்கும்போதுதான் குழி இருந்த இடம் நினைவுக்கு வரும்.

மண்ணைக் கிளறியதால் அதற்குள் உறங்கிக்கிடந்த விதைகளுக்கும் வெளிச்சம் கிடைத்துவிடுகிறது. மழைக்குப் பின் வெட்டவெளி பசுமையாகத் தெரிந்தால், அதில் பாதி நீங்கள் அகற்றிய புதரின் குழந்தைகளே. ஒரு விரல் உயரத்தில் இருக்கும்போது அவற்றை இரண்டு விரல்களால் பிடித்து எடுத்துவிடலாம். முழங்கால் உயரம் வந்துவிட்டால் மண்வெட்டி வேண்டும். இடுப்புயரம் வந்துவிட்டால் மீண்டும் ஆழக் கலப்பையை மாட்டத்தான் வேண்டும். அகற்றிய பிறகு வரும் இரண்டு மூன்று மழைக்காலங்களுக்கு, மழை விட்ட மறுநாள் நிலத்தை ஒருமுறை நடந்தே சுற்றி வாருங்கள்.